கேபிளை முறுக்கின்றிச் சுருட்டுவது எப்படி? மேடைப் பணிக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

ஒலிபெருக்கி, மேடை விளக்கு, நேரலை ஒளிப்பதிவு போன்ற பணிகளில் புதிதாகச் சேருபவருக்கு முதல் நாளே தரப்படும் வேலை, நிகழ்ச்சி முடிந்ததும் தரையில் கிடக்கும் கேபிள்களைச் சுருட்டி எடுத்துவைப்பதுதான். ஆனால் பெரும்பாலான இடங்களில் அதைக் கற்றுக்கொடுக்க யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. கிணற்றுக் கயிற்றைச் சுற்றுவதுபோல உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையே இறுக்கிச் சுற்றி, மீந்த நுனியை நடுவில் நாலு சுற்றுச் சுற்றிச் செருகி, பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். அடுத்த நிகழ்ச்சியில் அந்தக் கேபிளை விரிக்கும்போது அது நேராகக் கிடக்க மறுத்து ஆங்காங்கே புரண்டு எழுந்து நிற்கும். நடப்பவர் காலில் மாட்டும். சில மாதங்களில் மைக்கில் கரகரப்பும் தொடங்கிவிடும். கேபிளின் தரத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் அதைச் சுருட்டிய கையைப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. நல்ல மைக் கேபிளை முறையாகச் சுருட்டிவந்தால் அது பல ஆண்டுகள் உழைக்கும்.

முதலில், முறுக்கு எங்கிருந்து வருகிறது?

ஒரு கேபிளைத் தரையில் நேராகப் போட்டு, அதன் மேல்தோலில் நீளவாக்கில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். இப்போது மறுமுனை புரளாதபடி ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இந்த முனையிலிருந்து வழக்கம்போல ஒரே திசையில் சுருட்டுங்கள். வளையங்களை உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு வளையத்திலும் அந்தக் கோடு கேபிளை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்திருப்பது தெரியும். ஒரு வளையத்துக்கு ஒரு முழு முறுக்கு என்பது இதன் கணக்கு. வளையத்தின் குறுக்களவு 40 சென்டிமீட்டர் என்றால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 125 சென்டிமீட்டர். ஆகவே 10 மீட்டர் கேபிளில் 8 வளையம், 20 மீட்டரில் 16 வளையம். அத்தனை முறுக்கும் ஒரே பக்கமாக ஏறுகின்றன.

அந்த முறுக்கு அப்படியே உள்ளே தங்கியிருந்து, சுருட்டிய வழியிலேயே ஒவ்வொரு வளையமாக விடுவிக்கப்பட்டால் பழுதொன்றும் இல்லை, ஏறியது இறங்கிவிடும். நடைமுறையில் அது தங்குவதில்லை. நுனியிலுள்ள பின் (கேபிளை மாட்டும் இணைப்பான்) தொங்கிச் சுழல்கிறது, வெயிலில் நின்ற வண்டிக்குள் மேல்தோல் இளகுகிறது, முறுக்கு மெல்ல மெல்ல வெளியேறிவிடுகிறது. முறுக்கை இழந்துவிட்ட அந்தச் சுருளை நீங்கள் நுனியைப் பிடித்து இழுக்கும்போது, வளையத்துக்கு ஒன்றாக எதிர்த்திசையில் புதிய முறுக்கு ஏறுகிறது. கேபிள் புரண்டு எழுவதற்கும் சிறு சிறு கொண்டைகளாகச் சுருண்டு நிற்பதற்கும் அதுவே காரணம்.

சுருளும் முறுக்கும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை என்ற இந்த உறவைக் கணிதமாக எழுதிக் காட்டியவர் ருமேனியக் கணிதவியலர் கலுகரேனு. 1959 முதல் 1961 வரை வெளிவந்த அவருடைய கட்டுரைகளில் தொடங்கிய அந்தச் சிந்தனையைக் கொண்டுதான் உயிரணுவுக்குள் டி.என்.ஏ. இழை சுருண்டு கிடக்கும் விதத்தையும் இன்று விளக்குகிறார்கள். கடலடிக் கேபிள் இறக்கியவர்களோ அதற்கு நெடுநாள் முன்பே இதைக் கைப்பழக்கமாக அறிந்திருந்தார்கள். 1865இலும் 1866இலும் அட்லாண்டிக் பெருங்கடலில் தந்திக் கேபிள் இறக்கிய கிரேட் ஈஸ்டர்ன் கப்பலில், மூன்று பெரிய தொட்டிகளுக்குள் கேபிளை வளையம் வளையமாக அடுக்கிவைத்திருந்தார்கள். தொட்டியில் அடுக்கும்போது ஏறிய முறுக்கு, மேலே இழுத்துக் கடலில் விடும்போது தானாக இறங்கிவிடும். முறுக்குக்கு வளைந்துகொடுக்காத கனத்த கவசக் கேபிள்களை இன்றும் தொட்டியில் அடுக்குவதில்லை. சுழலும் மேடையில் சுற்றி, அந்த மேடையைச் சுழற்றியே இறக்குகிறார்கள்.

நமது மைக் கேபிளுக்குள் இருப்பவை மிக மெல்லியவை. ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள தோலுக்குள், ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகளும், அவற்றைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பிகளாலான ஒரு கவசமும் உள்ளன. வெளியிலிருந்து ஏறும் முறுக்கு ஒரு பக்கமானால் உள்முறுக்கை மேலும் இறுக்கும், மறுபக்கமானால் பிரித்துவிடும். கவசம் இடைவெளி விட்டு அறுபடத் தொடங்கினால், பக்கத்திலுள்ள விளக்குக் கேபிளின் இரைச்சல் மைக் வழியாகக் கேட்கத் தொடங்கும்.

மாற்றி மாற்றிச் சுருட்டும் முறை

தீர்வு எளியது. ஒரு வளையத்தில் ஏறும் முறுக்கை அடுத்த வளையம் எதிர்த்திசையில் ஏற்றிச் சரிசெய்துவிட வேண்டும். ஒன்றை மேல்வளையம், மற்றதைக் கீழ்வளையம் என்று இங்கே குறிப்பிடுகிறேன். வலக்கைப் பழக்கமுள்ளவருக்காக எழுதுகிறேன். இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் கைகளை மாற்றிக்கொள்ளலாம்.

தொடங்குவதற்கு முன், கேபிளின் இரு முனைகளும் எதிலும் செருகப்படாமல் விடுபட்டிருக்க வேண்டும். மேலே ஆள் நடந்தாலோ பெட்டி ஏறி நின்றாலோ அவற்றை விலக்கிவிடுங்கள். பழகுவதற்கு 10 மீட்டர் நீளமுள்ள, மென்மையான மைக் கேபிளே ஏற்றது. கனத்த பவர் கேபிளில் தொடங்கினால் கை வலி மட்டுமே மிஞ்சும்.

துளையுள்ள பின்னை இடக்கையில் பிடியுங்கள். உள்ளங்கை மேல்நோக்கி இருக்கட்டும். பின்னின் வால் பக்கம் வலப்புறமாகப் போகட்டும். வலக்கையை, அதுவும் உள்ளங்கை மேல்நோக்கியபடி, கேபிளின் மேல் வழுக்கிக்கொண்டே பக்கவாட்டில் விரியுங்கள். இரு கைகளும் இயல்பாக விரியும் அளவே ஒரு வளையத்துக்கு வேண்டிய நீளம். அங்கே கேபிளைப் பற்றி, வலக்கையை இடக்கைக்குக் கொண்டுவாருங்கள். வரும் வழியில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே கேபிள் சற்று உருளும். அதைத் தடுக்க வேண்டாம், அந்த உருளலால்தான் வளையம் தட்டையாக விழுகிறது. வளையத்தை இடக்கையில் வைத்ததும் பாருங்கள்: மீதிக் கேபிள் வளையத்தின் வெளிப்பக்கமாகப் போகும். இது மேல்வளையம்.

அடுத்ததுதான் புதியவர்கள் தடுமாறும் இடம். வலக்கையைப் புரட்டி, கட்டை விரல் தரையை நோக்கவும் புறங்கை உங்களை நோக்கவும் திருப்பிக்கொள்ளுங்கள். அந்த நிலையிலேயே கேபிளை அதே தொலைவில் பற்றி இடக்கைக்குக் கொண்டுவாருங்கள். வரும்போதே மணிக்கட்டை இயல்பு நிலைக்குத் திருப்பிவிடுங்கள். அந்தத் திருப்பத்தில் கேபிள் தன்மேல் தானே மடிந்து, மீதிப் பகுதி வளையத்துக்கு உட்புறமாக, அதாவது அடியில் நுழைந்து வெளியே வரும். பார்ப்பதற்கு முடிச்சு விழப்போவதுபோலத் தோன்றும், விழாது. இது கீழ்வளையம்.

இதே வரிசையில் மேல், கீழ், மேல், கீழ் என்று முடிவு வரை தொடருங்கள். தொடக்கத்தில் வாயால் சொல்லிக்கொண்டே செய்வது நல்லது. எல்லா வளையங்களும் ஒரே அளவில் அமைய வேண்டும். முதல் வளையத்தின் அளவுதான் மற்றவற்றுக்கு அளவுகோல். கேபிளை வளைக்க வலிந்து அழுத்த வேண்டியிருந்தால் வளையம் சிறிதாகிவிட்டது என்று பொருள். புதிய கேபிள் எந்த அளவு வளையத்தில் தானாகவே படிய விரும்புகிறது என்பதைக் கை சொல்லிவிடும். அதற்கு எதிராகப் போராட வேண்டாம்.

சுருட்டும்போது வலக்கையில் ஒரு பழைய துணியை வைத்துக்கொண்டு, அதற்குள்ளாகவே கேபிளை ஓடவிடுவது நான் எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்லும் பழக்கம். மண்ணும் ஒட்டுநாடாவின் பசையும் போய்விடும் என்பதோடு, தோலில் வெட்டோ நசுங்கலோ இருந்தால் விரலுக்குத் தட்டுப்படும். பழுதுள்ள கேபிளை நிகழ்ச்சி முடிந்த இரவில் கண்டுபிடிப்பது, அடுத்த நிகழ்ச்சியின் நடுவில் கண்டுபிடிப்பதைவிட எவ்வளவோ மேல்.

சுருட்டி முடித்ததும் கேபிளின் வாலாலேயே அதைக் கட்டாதீர்கள். நடுவில் இறுக்கிச் சுற்றும் அந்தச் சுற்றுகள் பின்னுக்கு அருகில் கூர்மையான வளைவை உண்டாக்குகின்றன. பற்றாசு வைத்த இணைப்பு முதலில் விட்டுப்போவது அங்கேதான். ஒரு வெல்க்ரோ பட்டையோ சிறு துண்டு நூல்கயிறோ போதும். பட்டையை ஒவ்வொரு கேபிளிலும் ஒரே முனையில் நிரந்தரமாக மாட்டிவைத்தால் தேட வேண்டியிருக்காது.

எந்த முனையிலிருந்து சுருட்டத் தொடங்குவது என்பதைக் குழுவில் எல்லோரும் ஒரே மாதிரி முடிவு செய்துகொள்ள வேண்டும். துளையுள்ள முனையிலிருந்து தொடங்குமாறு மேலே சொன்னதற்குக் காரணம் உண்டு. மைக்கில் மாட்டுவது அந்த முனை. அது சுருளின் உட்பகுதியில் இருந்தால், ஊசியுள்ள வெளிமுனையை, மைக் கேபிள்கள் வந்து சேரும் மேடைப் பெட்டியில் செருகிவிட்டுச் சுருளை மைக் வரை கொண்டுபோகலாம். தேவைக்குமேல் உள்ள நீளம் மைக் ஸ்டாண்டின் காலடியில் சுருளாகவே மிஞ்சும். பாடகர் பின்னர் இரண்டடி தள்ளி நிற்க விரும்பினால் அங்கிருந்தே நீளம் கொடுக்க முடியும்.

விரித்துப் பார்த்தால்தான் தெரியும்

சரியாகச் சுருட்டினோமா என்பதற்குச் சோதனை உண்டு. பட்டையை எடுத்துவிட்டு, வெளிமுனையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு சுருளை முன்னே தரையில் எறியுங்கள். கேபிள் ஒரே ஓட்டமாக நீண்டு நேராகக் கிடக்க வேண்டும். ஓரிடத்தில் புரண்டு நின்றால் அங்கே மேல், கீழ் வரிசை தவறியிருக்கிறது. இரண்டு மேல்வளையங்கள் அடுத்தடுத்து வந்திருக்கும்.

இரண்டு வளையத்துக்கு ஒன்றாக வரிசையாக முடிச்சுகள் விழுந்தால் தவறு சுருட்டியதில் இல்லை. நுனி சுருளின் நடுவே நுழைந்து மறுபக்கம் வந்துவிட்டது என்பதே அதற்குக் காரணம். இந்த முறைக்கு உள்ள ஒரே ஆபத்து இதுதான், இதைக் கண்டு பலர் முறையையே கைவிட்டுவிடுகிறார்கள். பட்டையைக் கழற்றும்போது நுனி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலேயே அதை இழுங்கள். பெட்டியில் வைக்கும்போதும் நுனி நடுவில் விழாதபடி பட்டையோடு சேர்த்துப் பிடித்து வையுங்கள்.

பவர் கேபிளுக்குத் தனி எச்சரிக்கை

சுருட்டும் முறை பவர் கேபிளுக்கும் இதேதான். வளையம் மட்டும் பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் மின்சாரம் ஓடும் நேரத்தில் பவர் கேபிள் சுருளாக இருக்கக் கூடாது. டிரம்மில் சுற்றிய 50 மீட்டர் நீட்டிப்பு வயரில் 10 மீட்டரை மட்டும் இழுத்துவிட்டு, மீதியை டிரம்மிலேயே விட்டு விளக்குகளை மாட்டுவது மிகப் பரவலான வழக்கம். தீப்பிடிக்க வைக்கும் வழக்கமும்கூட.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 13 ஓம் தடை கொண்டது. 50 மீட்டர் கேபிளில் போக, வர 100 மீட்டர் கம்பி, தடை 1.3 ஓம். 1000 வாட் பார் (PAR) மேடை விளக்குகள் இரண்டை மாட்டினாலே 9 ஆம்பியருக்கு அருகில் ஓடும். கூடவே ஏதேனும் சேர்ந்து 10 ஆம்பியர் ஆனால் கம்பியில் மட்டும் 130 வாட் வெப்பம் உண்டாகிறது. விரித்துக் கிடக்கும் கேபிளில் அது மீட்டருக்கு மூன்று வாட்டுக்கும் குறைவு, காற்று கொண்டுபோய்விடும். டிரம்மில் நெருக்கிச் சுற்றிய நிலையில் உள்ளடுக்குகளின் வெப்பம் வெளியேற வழியில்லை. சாதாரண பி.வி.சி. தோல் 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. அதற்குமேல் இளகி, கம்பியும் கம்பியும் தொட்டுக்கொள்ளும் நிலை வரும். நல்ல டிரம்களில் சுற்றிய நிலையில் இவ்வளவு வாட், முழுதும் விரித்த நிலையில் இவ்வளவு வாட் என்று இரண்டு அளவுகள் அச்சிடப்பட்டிருப்பது இதனால்தான்.

சுருளாக இருப்பதால் காந்தப் புலம் உண்டாகி அதனால் சூடேறுகிறது என்று சிலர் விளக்குவார்கள். ஒரே கேபிளுக்குள் போகும் மின்னோட்டமும் வரும் மின்னோட்டமும் எதிரெதிராக இருப்பதால் அந்தப் புலம் பெரும்பாலும் ஒன்றையொன்று நீக்கிவிடுகிறது. வெப்பம் வெளியேற முடியாததே உண்மையான காரணம். ஆகவே மிஞ்சும் பவர் கேபிளை மேடைக்கடியில் அகலமான எட்டு வடிவில், அடுக்கு அடுக்காக இல்லாமல் தளர்வாகப் பரப்பிவையுங்கள்.

தரையில் எட்டுப் போடுதல்

ஒரே தோலுக்குள் பல கேபிள்கள் அடங்கிய, கையில் அடங்காத கனமான மல்டிகோர் கேபிளுக்கும், கண்ணாடி இழைக் கேபிளுக்கும் தரையில் எட்டுப் போடுவதே சிறந்தது. ஒரு வட்டம் வலஞ்சுழியாகவும் அடுத்தது இடஞ்சுழியாகவும் அமைவதால் ஒன்றின் முறுக்கை மற்றது தீர்த்துவிடுகிறது. கையில் செய்த மேல், கீழ் வளையங்களின் வேலையைத் தரையில் இந்த இரண்டு வட்டங்கள் செய்கின்றன. அடியில் மாட்டிக்கொண்ட முனை முதலில் தேவைப்பட்டால், இரண்டு மூன்று பேர் சேர்ந்து எட்டை அப்படியே தோசை திருப்புவதுபோலப் புரட்டிப் போட்டால் அது மேலே வந்துவிடும். கண்ணாடி இழைக் கேபிளை இழுக்கும்போது அதன் தடிமனைப்போல 20 மடங்குக்குக் குறைவான ஆரத்தில் வளைக்கக் கூடாது என்பது பொதுவான விதி; வலைப்பின்னலுக்கான கேட்-6 கேபிளுக்கு 4 மடங்கு போதும்.

கடையில் வாங்கிய வயர் காயில்

வீட்டு வயரிங்குக்கு 90 மீட்டர் காயிலாக வரும் வயர் வேறு வகை. அது தொழிற்சாலையில் சுழலும் உருளையில் சுற்றப்பட்டது. ஆகவே அதற்குள் முறுக்கு இல்லை. சுழற்றிச் சுற்றியதைச் சுழற்றித்தான் அவிழ்க்க வேண்டும். காயிலைத் தரையில் படுக்கவைத்து நுனியை மேலே இழுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறி, பைப்புக்குள் போகும்போது கொண்டை விழுந்து சிக்கிக்கொள்ளும். உதவியாளர் ஒருவர் இரு கைகளையும் காயிலுக்குள் விட்டு அதைச் சுழற்றிக்கொண்டே கொடுக்கட்டும். ஆள் இல்லையென்றால் காயிலைச் சக்கரம்போல நிறுத்தித் தரையில் உருட்டிக்கொண்டே போகலாம்.

மேடைக் கயிறுகள்

திரைக்கும் பந்தலுக்கும் பயன்படும் கயிறுகளில் முப்புரிக் கயிறு தன் புரியின் திசையை உடையது. கயிற்றைச் செங்குத்தாகப் பிடித்துப் பார்க்கும்போது புரிகள் கீழிருந்து மேலாக வலப்பக்கம் சாய்ந்து ஏறினால் அது வலப்புரி, பெரும்பாலானவை இவ்வகைதான். அதை வலஞ்சுழியாக, கடிகார முள் செல்லும் திசையில் சுருட்டுங்கள். எதிர்த்திசையில் சுருட்டினால் புரிகள் முறைத்துக்கொண்டு கயிறு கொண்டை போடும். பின்னல் கயிற்றுக்குப் புரித் திசை கிடையாது. அதைக் கேபிளைப்போலவே மாற்றி மாற்றியோ எட்டாகவோ சுருட்டலாம்.

ஏற்கெனவே கெட்டுப்போன கேபிளை மீட்பது

முழங்கையில் சுற்றிச் சுற்றி முறுக்கேறிய பழைய கேபிளை உடனே மாற்றி மாற்றிச் சுருட்ட முயன்றால் அது கைக்கு அடங்காது. முதலில் மாடியிலிருந்தோ உயரமான கைப்பிடிச் சுவரிலிருந்தோ அதைத் தொங்கவிடுங்கள். கீழ்முனை தானாகச் சுழன்று, முறுக்கைக் கொட்டிவிட்டு நிற்கும். பிறகு மாலை வெயிலில் தரையில் நேராக நீட்டிப் போட்டு, தோல் இளகிய நிலையில் நடுவிலிருந்து முனை நோக்கி விரல்களால் உருவிவிடுங்கள். சூடு தணியும் வரை நேராகவே கிடக்கட்டும். அதன் பிறகு பெரிய வளையங்களாக, மாற்றி மாற்றிச் சுருட்டிவைத்து, சில நாள் கழித்து இதையே மறுபடி செய்தால் பழைய நினைவு பெரும்பாலும் போய்விடும்.

அப்படியும் ஓரிடத்தில் கட்டிபோலத் தட்டுப்பட்டாலோ, பின்னுக்கு அருகில் அசைக்கும்போது ஒலி விட்டு விட்டு வந்தாலோ, உள்கம்பி அறுந்திருக்கிறது. பழுது பின்னிலிருந்து ஒரு சாண் தொலைவுக்குள் என்றால் அந்தத் துண்டை வெட்டியெறிந்து பின்னை மறுபடி பற்றாசு வைத்துக்கொள்ளலாம். நடுவில் என்றால் அந்த இடத்தில் வெட்டி இரண்டு குறுங்கேபிள்களாக்கி, புதிய நீளத்தை இரு முனைகளிலும் நிற நாடாவால் குறித்து, நீளமான கேபிள்களோடு கலந்துவிடாதபடி தனிப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.